டோட்டல் 3,900 இருந்தும் கீமோவைத் தள்ளிட்டாவ. வெள்ளணு கவுண்ட்டை எப்படிப் படிக்கணும்?

அருமனை_மகள் | ஜூன் 10, இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். எங்க அம்மைக்கு வயசு 58. மார்புல கட்டி, ஆபரேஷன் முடிஞ்சு கீமோ போயிட்டிருக்கு. திருவனந்தபுரத்துல பாக்குதோம். சிவப்பு மருந்து மூணு தடவை ஏத்தியாச்சு, இன்னைக்கு நாலாவது. விடியக்காலம் வீட்டுல இருந்து இறங்கி, களியக்காவிளையில பஸ் மாறி, ஒன்பதுக்கு ரத்தம் குடுத்து, பன்னெண்டரைக்கு டாக்டரைப் பாத்தா, "கவுண்ட் போதாது, அடுத்த புதன் வாங்க"ன்னு சொல்லிட்டாவ. வார வழி பூரா அம்மை ஒரு வார்த்தை பேசல்ல. ஜன்னல் கம்பியப் பிடிச்சிட்டு வெளிய பாத்துட்டே வந்தா.

நேத்து மார்த்தாண்டத்துல ஒரு லேப்ல எடுத்தது: டபிள்யூ.பி.சி. 4.1, கிரான் 31, மிட் 11, லிம் 58.

இன்னைக்கு ஆஸ்பத்திரியில எடுத்தது: டோட்டல் 3,900. நியூட்ரோபில் 21, லிம்போசைட் 62, மோனோசைட் 9, ஈசினோபில் 8. பிளேட்லெட் 2,40,000. ஹீமோகுளோபின் 10.2.

ஓரத்துல 4,000 முதல் 11,000 வரைன்னு அச்சடிச்சிருக்கு. நூறுதானே குறைவு? அதுக்கு ஒரு வாரம் தள்ளணுமா? தள்ளினா நோய் வளந்துராதா? பின்னால நாப்பது பேரு நின்னாவ, டாக்டர்ட்ட கேக்க எனக்கு நாக்கு எழும்பல்ல. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ராத்திரிடூட்டி | ஜூன் 10, இரவு 10.25

நான் திருவனந்தபுரத்துல கீமோ வார்டுல நர்ஸ். சொந்த ஊர் களியக்காவிளைப் பக்கம்.

முதல்ல அம்மாகிட்ட ஒண்ணு சொல்லிட்டு வாங்க, மீதியை பிறகு படிக்கலாம். இன்னைக்கு திருப்பி அனுப்பினது நோய் மோசமானதால இல்ல. மருந்து எலும்பு மஜ்ஜையை, ரத்த அணு உண்டாகற இடத்தை, அடிச்சிருக்கு, அது எழுந்து நிக்க இன்னும் ஏழு நாள் கேக்குது. அவ்வளவுதான்.

இனி கணக்கு. கீமோ ஏத்தலாமா வேண்டாமான்னு முடிவு பண்ண டாக்டர் பாக்குறது டோட்டலை இல்ல, அதுக்குள்ள நியூட்ரோபில்னு கிருமியை எதிர்க்கிற வெள்ளணு எத்தனைங்கறதை. டோட்டலை நியூட்ரோபில் சதவீதத்தால பெருக்கி நூறால வகுங்க. 3,900-ஐ 21-ஆல பெருக்கி நூறால வகுத்தா 819. இதைத்தான் நாங்க ஏ.என்.சி.ன்னு சொல்றோம். பாண்ட் செல்னு (முழுசா முத்தாத நியூட்ரோபில்) தனியா ஒரு வரி இருந்தா அந்த சதவீதத்தையும் நியூட்ரோபிலோட சேத்துக்கணும். மூணு வாரத்துக்கு ஒரு தடவை ஏத்துற மருந்துகளுக்கு வழக்கமா 1,500 இருக்கான்னு பாப்பாங்க. சில மருந்துக்கு 1,000 போதும். பிளேட்லெட் ஒரு லட்சம் வேணும். உங்க அம்மாவுக்கு பிளேட்லெட் தாராளமா இருக்கு, 819-தான் தடுத்திருக்கு.

பக்கத்து படுக்கையில ஒருத்தருக்கு டோட்டல் 2,900-னு வைங்க, நியூட்ரோபில் 62. அவருக்கு ஏ.என்.சி. 1,798. அவருக்கு அன்னைக்கு கீமோ நடக்கும். டோட்டல் கூடுதலா இருக்கிற உங்க அம்மா வீட்டுக்குத் திரும்பணும். வார்டுல தினமும் இந்தக் குழப்பம் வருது, "அவங்களுக்கு எங்களை விட குறைவு, அவங்களுக்கு மட்டும் ஏத்துறீங்க"ன்னு எங்ககிட்ட அழுதவங்க இருக்காங்க.

தள்ளினா என்ன ஆகும்னு கேட்டீங்க. ஒரு தடவை ஒரு வாரம் தள்ளுறது எல்லா ஆஸ்பத்திரியிலயும் நடக்கிறது. ஆனா ஒவ்வொரு தடவையும் தள்ளிட்டே போறதையோ மருந்தைக் குறைச்சுட்டே போறதையோ டாக்டர்கள் விரும்பமாட்டாங்க. இத்தாலியில பொனடோனா குழு மார்புப் புற்றுநோய்க்கு 1995-ல வெளியிட்ட இருபது வருஷக் கணக்குல, திட்டமிட்ட மருந்துல 85 சதவீதமாவது வாங்கினவங்களுக்குத்தான் பலன் தெளிவாத் தெரிஞ்சுது. அதனால அடுத்த புதன் போகும்போது, "கவுண்ட் விழாம இருக்க ஊசி போடணுமா டாக்டர்?"னு கேளுங்க. நாப்பது பேர் நின்னாலும் கேளுங்க. கேள்வியை ஒரு துண்டுச் சீட்டுல எழுதி ரிப்போர்ட்டு மேல குத்தி வச்சுருங்க, டாக்டர் கண்ணுல அது முதல்ல படும்.

மார்த்தாண்டம்_லேப் | ஜூன் 10, இரவு 11.05

மக்களே, நேத்துள்ள ரிப்போர்ட்டைப் பத்தி நான் சொல்லுதேன். அது எங்க கடையில எடுத்ததாக்கூட இருக்கலாம்.

4.1-னு போட்டிருக்கதும் 4,100-ம் ஒண்ணுதான். சில மிஷின் ஆயிரத்தால வகுத்து அடிக்கும். போன மாசம் ஒருத்தர் 2.9-னு பாத்துட்டு, மொத்தமே மூணு அணுதான் இருக்குன்னு நெனச்சு பெண்டாட்டியைக் கூட்டிட்டு ஓடி வந்தாரு. அவருக்கு கை விறைச்சுது. அச்சடிச்ச எண்ணுக்குப் பக்கத்துல அலகைப் பாத்துக்கிடுங்க.

இனி முக்கியமானது. கிரான், மிட், லிம்னு மூணு வரி மட்டும் வந்தா அது மூணு பார்ட் மிஷின். சின்ன லேப்ல எல்லாம் அதுதான் இருக்கும். அது செல்லை உருவத்துக்க அளவு வச்சு மூணு கூட்டமாப் பிரிக்கும், அம்புட்டுதான். பல மிஷின்ல கிரான்ல நியூட்ரோபில் மட்டும் இல்ல, ஈசினோபிலும் கெடக்கும். நம்ம ஊர்ல பூச்சித் தொல்லை, தும்மல், அலர்ஜின்னு ஈசினோபில் கூடுதலா உள்ளவங்க நெறைய. உங்க அம்மைக்கு 8 இருக்கு பாருங்க. கிரான் 31-ஐ நம்பி கணக்குப் போட்டா 1,271 வரும். அஞ்சு வகையையும் தனித்தனியாப் பிரிக்குத அஞ்சு பார்ட் மிஷின்லயோ ஸ்லைடுலயோ பாத்தா 819. 1,000 போதும்னு சொல்லுத மருந்தா இருந்தா, இந்த வித்தியாசத்துல ஒரு ரிப்போர்ட்டு ஏத்தலாம்னும் இன்னொண்ணு ஏத்தாதேன்னும் சொல்லும்.

ஸ்லைடுல எப்படித் தெரியும்னு கேப்பீங்க. ஒரு துளி ரத்தத்தைக் கண்ணாடியில இழுத்து, சாயம் போட்டு, எண்ணெய் விட்டு பெரிய லென்ஸ்ல பாத்தா, நியூட்ரோபிலுக்க உட்கரு மூணு நாலு துண்டா நூல்ல கோத்த மாதிரி இருக்கும். ஈசினோபில் ரெண்டு துண்டு, அதைச் சுத்தி ஆரஞ்சு மணி நெறச்சு வச்சிருக்கும். ஒருக்கப் பாத்தா பெறவு மாறாது. ஆனா நூறு செல்தான் எண்ணுவோம். அதுல நியூட்ரோபில் 10-னு எழுதினா உண்மையில அது 5-ஆவும் இருக்கலாம், 17-ஆவும் இருக்கலாம். கவுண்ட் ரொம்பக் கீழ போனா கண்ணாடி பூரா தேடினாலும் நூறு செல் கெடைக்காது. அதனால 819-க்கும் 850-க்கும் வித்தியாசம் பாத்து மனசைக் கொல்லாண்டாம்.

லேப்புக்குப் போனா "கீமோ நோயாளி, ஸ்லைடு பாத்து டி.சி. போடுங்க"ன்னு வாயத் தொறந்து சொல்லுங்க. டி.சி.ன்னா ஒவ்வொரு வகை வெள்ளணுவும் எத்தனை சதவீதம்னு எண்ணுதது. ஊதா மூடிக் குழாயில ரத்தம் எடுத்தவுடனே எட்டு பத்துத் தடவை மெதுவாக் கவுத்தணும். அதைப் பாத்துட்டே நில்லுங்க, தப்பில்ல. கட்டி விழுந்தா பிளேட்லெட் பொய்யாக் குறைஞ்சு காட்டும்.

செங்கோட்டை_வாத்தியார் | ஜூன் 11, காலை 6.15

ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியன். என் தம்பிக்காக ஆரியங்காவு வழியா பல வருஷம் திருவனந்தபுரம் போய் வந்தவன்.

ஏன் நியூட்ரோபில் மட்டும் முதல்ல விழுதுன்னு அம்மாவுக்குச் சொல்லணும்னா இப்படிச் சொல்லுங்க. சிவப்பணு ஒண்ணு ரத்தத்துல 120 நாள் ஓடும். பிளேட்லெட் எட்டுப் பத்து நாள். நியூட்ரோபில் ஒரு நாள்கூட முழுசா நிக்காது. மஜ்ஜை ஒரு நாளைக்கு சுமார் பத்தாயிரம் கோடி நியூட்ரோபில் செஞ்சு அனுப்பிக்கிட்டே இருக்கு. கீமோ வேகமாப் பெருகுத செல்லைத் தேடி அடிக்கும். புற்றும் அப்படிப் பெருகுது, மஜ்ஜையும் அப்படிப் பெருகுது. அடுப்பு அணைஞ்சா, அன்னன்னைக்கு வடிச்சுத் திங்கற வீட்டுலதான் முதல்ல பசி தெரியும். பத்தாயத்துல நெல்லு கெடக்கற வீட்டுல பிறகுதான் தெரியும்.

ஏத்தின ஏழாம் நாள்ல இருந்து பதினாலாம் நாள் வரை கவுண்ட்டுக்குப் பள்ளம். பிறகு ஏறும். மூணு வாரத்துக்கு ஒரு தடவைன்னு வச்சதுக்கு ஒரு காரணம் இதுதான்.

வெள்ளணுவுக்கும் கீமோவுக்கும் உள்ள உறவு மருந்து பிறந்த நாள்ல இருந்தே இருக்கு. 1943 டிசம்பர் 2-ஆம் தேதி இத்தாலியில பாரி துறைமுகத்துல ஜெர்மன் விமானங்கள் குண்டு போட்டப்ப, ஜான் ஹார்வி என்கிற அமெரிக்கக் கப்பல்ல ரகசியமா வச்சிருந்த கடுகு வாயுக் குண்டுகள் கடல்ல கலந்துது. செத்தவங்களையும் பிழைச்சவங்களையும் பரிசோதிச்ச ஸ்டூவர்ட் அலெக்ஸாண்டர் என்கிற ராணுவ டாக்டர், அவங்க வெள்ளணு அடியோட விழுந்திருக்கறதை எழுதி வச்சார். அதுக்கு முந்தின வருஷமே யேல் பல்கலைக்கழகத்துல குட்மேனும் கில்மேனும் அதே குடும்பத்து நைட்ரஜன் மஸ்டர்டை நிணநீர்ப் புற்று உள்ள ஒருத்தருக்கு மருந்தாக் கொடுத்துப் பார்த்திருந்தாங்க. வெள்ளணுவைக் கொல்லுதுன்னா வெள்ளணுப் புற்றையும் கொல்லும் என்கிற யோசனை. கட்டி கரைஞ்சுது, கவுண்ட்டும் கரைஞ்சுது. அன்னையில இருந்து இன்னைக்கு வரை அந்த ரெண்டையும் சேர்த்துத்தான் எண்ண வேண்டியிருக்கு.

ஆனா எல்லா நோய்க்கும் இதே பாடம் இல்லை. என் தம்பிக்கு வந்தது சி.எம்.எல்.னு ஒரு வகை ரத்தப் புற்று. கண்டுபிடிச்ச அன்னைக்கு அவன் வெள்ளணு 1,84,000. இமாட்டினிப் மாத்திரை ஆரம்பிச்சு வாரா வாரம் எண்ணுனோம். 90,000, 31,000, பிறகு 7,000. எங்க வீட்டுல கவுண்ட் விழுந்தா பாயாசம் வச்சோம். அங்க விழறதே மருந்து வேலை செய்யுதுங்கற அடையாளம். ஆகையால அடுத்தவங்க ரிப்போர்ட்டை வச்சு உங்க ரிப்போர்ட்டைப் படிக்காதீங்க. நோய் வேற, மருந்து வேற.

குலசேகரம்_ரப்பர் | ஜூன் 11, மதியம் 1.30

சேச்சி, எங்க மாமிக்கு பப்பாளி இலைச் சாறு குடுத்தோம். கவுண்ட் ஏறிச்சு. பச்சையா இடிச்சுப் பிழிஞ்சு ரெண்டு கரண்டி, காலத்தும் சாயங்காலமும். எங்க தோட்டத்துல மருந்தடிக்காத மரம் நிக்குது, வேணும்னா எடுத்துட்டு வாறேன்.

ராத்திரிடூட்டி | ஜூன் 11, மதியம் 2.50

அண்ணே, உங்க மனசு எனக்குத் தெரியும். மாமியைக் காப்பாத்தணும்னுதான் செஞ்சிருப்பீங்க. ஆனா பப்பாளி இலையைப் பத்தி ஆராய்ச்சி பண்ணினது டெங்குவுல பிளேட்லெட்டுக்கு. கீமோவுல விழுந்த நியூட்ரோபிலுக்கு இல்ல. மாமிக்கு கவுண்ட் ஏறினது பதினாலு நாள் கழிஞ்சு தானா ஏறுற நேரத்துலயா இருக்கும். அந்த நேரத்துல எது குடுத்திருந்தாலும் அதுதான் ஏத்தினதுன்னு தோணும்.

எனக்குள்ள பயம் வேற. பச்சை இலையை அம்மில இடிச்சு, காய்ச்சாத வெள்ளத்துல பிழிஞ்சு, நியூட்ரோபில் 300 இருக்கிற வயித்துக்குள்ள குடுக்கிறோம். அந்த இலையில ஒட்டியிருக்கிற கிருமியைத் தடுக்க உள்ள ஆள் இல்ல.

சாப்பாட்டுல கடுமையான பத்தியம் இருந்தா தொற்று குறையும்னு நெனச்சு ஒரு காலத்துல பச்சைக் காய், பழம் எல்லாத்தையும் நிறுத்தினாங்க. பரிசோதிச்சுப் பாத்தப்ப அப்படி ஒரு பெரிய பலன் தெரியல. அப்பப்ப வச்ச சூடான சாப்பாடு, தோலுரிச்சுத் திங்கற பழம், நல்லாக் கொதிச்ச வெள்ளம் போதும். பதிமுகம் (வெள்ளத்துக்குச் சிவப்பு நிறம் குடுக்கிற மரச் சீவல்) போட்டுக் காய்ச்சுறீங்கன்னா நல்லாக் கொதிக்கட்டும், நிறம் வந்தாப் போதும்னு இறக்காதீங்க. அந்தப் பள்ளமான வாரத்துல மட்டும் ராத்திரி ஊறின பழங்கஞ்சியும் அரை வேக்காட்டு முட்டையும் வேண்டாம். மீன் புளிமுளம் குழம்பு தாராளமா, அன்னைக்கு வச்சதா இருந்தா.

பிறகு, பாக்க வாறவங்க. நம்ம ஊர்ல ஆரஞ்சும் ஹார்லிக்ஸும் வாங்கிட்டு ஆட்டோ பிடிச்சு வந்து கட்டில்ல உக்காந்து கையைப் பிடிச்சுக்குவாங்க. அன்புதான். சளி பிடிச்சவங்களை முற்றத்துலயே உக்கார வைங்க, மத்தவங்க கையைச் சோப்புப் போட்டுக் கழுவிட்டு உள்ள வரட்டும். கோவிச்சுக்கிட்டா என் பேரைச் சொல்லுங்க.

கொழிஞ்சாம்பாறை_72 | ஜூன் 12, இரவு 8.10

எல்லாம் படிச்சேனுங்க. ஒண்ணு மட்டும் கேக்கறேன். எல்லாரும் கீமோவுக்கு முந்தின நாள் கவுண்ட்டைப் பத்தியே பேசறீங்க. பத்தாம் நாள் கவுண்ட்டை ஏன் யாரும் எடுக்கச் சொல்றதில்லீங்க?

எங்க சித்தப்பாவுக்கு ரெண்டாவது கீமோ முடிஞ்சு பத்தாம் நாளுங்க. சாயங்காலம் உடம்பு சுட்டுது, 101.4. பக்கத்துல ஒரு கிளினிக்கு. அங்க காய்ச்சல் ஊசி ஒண்ணு போட்டு, மாத்திரை எழுதிக் குடுத்து அனுப்பிப்போட்டாங்க. கீமோ எடுக்கறாருன்னு நாங்களும் அழுத்திச் சொல்லலைங்க, அவங்களும் கேக்கலைங்க. காலைல காய்ச்சலே இல்ல. தோசை தின்னாரு. தோட்டத்துல தென்னைக்குத் தண்ணி கட்டறதை நின்னு பாத்தாரு. மத்தியானம் மறுபடி நடுக்கம். கை கால் சில்லுனு ஆயிருச்சு. கோயமுத்தூர் கொண்டுபோறப்ப வாளையார் தாண்டறதுக்குள்ள பேச்சு இல்லீங்க. அங்க கவுண்ட் எடுத்தாங்க, டோட்டல் 400. ரெண்டாம் நாள் போயிட்டாரு.

பத்தாம் நாள் காலைல ஒரு கவுண்ட் எடுத்து 400-னு தெரிஞ்சிருந்தா, அந்தக் கிளினிக் வாசப்படி மிதிச்சிருப்பமுங்களா?

ராத்திரிடூட்டி | ஜூன் 13, காலை 7.40

நைட் டூட்டி முடிஞ்சு வந்து படிச்சேன். உங்க சித்தப்பாவை நெனச்சு ரொம்ப நேரம் எழுத முடியல.

நீங்க கேட்டதுக்கு நேராப் பதில் சொல்றேன். லுக்கீமியா, அதாவது ரத்தப் புற்று, சிகிச்சையில அடிக்கடி, சில நேரம் தினமும்கூட எண்ணுவாங்க. வயசானவங்க, முதல் சுற்று, ரொம்ப அடிக்கிற மருந்துன்னா நடுவுலயும் எடுக்கச் சொல்ற டாக்டர்கள் இருக்காங்க. ஆனா பெரும்பாலான கட்டிப் புற்றுகளுக்கு நடுவுல எடுக்கறதில்ல. காரணம், காய்ச்சல் இல்லாம நடமாடுற ஒருத்தருக்கு 300-னு தெரிஞ்சா நாங்க செய்யப்போறது பெரும்பாலும் ஒண்ணும் இல்ல, கவனமா இருங்கன்னு சொல்றதுதான். அதைக் கவுண்ட் எடுக்காமலே சொல்லலாம். அப்புறம் எனக்குத் தெரிஞ்ச இன்னொரு ஆபத்து, பத்தாம் நாள் 1,200-னு வந்தா வீட்டுல நிம்மதியாயிடுவாங்க. மறுநாள் அது 300 ஆகும், காய்ச்சல் வரும், "நேத்துதானே நல்லா இருந்துது"ன்னு விடிய வரை காத்திருப்பாங்க.

காய்ச்சல் வந்தா எண்ணைப் பாக்காதீங்க, ஆஸ்பத்திரிக்கு வாங்க. 101 ஒரு தடவை காட்டினாலோ, 100.4 ஒரு மணி நேரம் நின்னாலோ அது அவசரம். எங்க வார்டுல 100.4 தொட்டாலே ஃபோன் பண்ணச் சொல்றோம். வாசல்ல நுழைஞ்சு ஒரு மணி நேரத்துக்குள்ள முதல் ஆன்டிபயாடிக் நரம்புல போயிருக்கணும், ரத்தத்துல கிருமி வளருதான்னு பாக்குற கல்ச்சர் ரிசல்ட்டுக்குக் காத்திருக்கக் கூடாது. நியூட்ரோபில் இல்லாத உடம்புல சீழ் பிடிக்காது, ஏன்னா சீழே செத்த நியூட்ரோபில்தான். புண் சிவக்காது, எக்ஸ்ரேயில சளி சரியாத் தெரியாது. காய்ச்சல் ஒண்ணுதான் கூப்பிட்டுச் சொல்ற குரல். அதை பாரசிட்டமால் குடுத்து வாயடைச்சுட்டா வேற யாரும் சொல்ல மாட்டாங்க.

கொழிஞ்சாம்பாறை_72 | ஜூன் 13, காலை 9.15

நீங்க சொல்றது ஆஸ்பத்திரிக்காரங்களுக்குச் சரிங்க. எங்களுக்கு இதெல்லாம் அன்னைக்குத் தெரியாதுங்களே. ஒரு எண்ணைக் கண்ணுல பாத்திருந்தா பயந்திருப்போம். பயந்திருந்தா ஓடியிருப்போம்.

ராத்திரிடூட்டி | ஜூன் 13, காலை 9.50

அது நியாயம். அதை மறுக்க மாட்டேன். பயம் வரவேண்டிய நாளை வீட்டுக்குத் தெரியவைக்காம அனுப்பறோம்னா அது எங்க பக்கத்துக் குறை. அதனால இப்ப ஒவ்வொரு நோயாளி கூட வர்றவங்ககிட்டயும் நான் ஒண்ணு செய்யச் சொல்றேன். வீட்டுக் காலண்டர்ல கீமோ ஏத்தின நாளை ஒண்ணுன்னு எண்ணி, 7-ல இருந்து 14 வரை சிவப்பு மையால கட்டம் போடுங்க. அந்தக் கட்டத்துக்குள்ள நியூட்ரோபில் இல்லைன்னே நெனச்சுக்குங்க.

நகரி_நெசவு | ஜூன் 14, இரவு 10.00

எங்க நைனாவுக்கு லிம்போமா, நிணநீர்ப் புற்று. நகரியில இருந்து வேலூர் போறோம். நைனாவுக்கு கீமோவோட அஞ்சு நாள் பிரட்னிசோலோன்னு ஒரு ஸ்டீராய்டு மாத்திரை உண்டு. நாலாம் நாள் நாங்களா ஒரு லேப்ல எடுத்தோம், 12,800. நைனா ரொம்ப சந்தோஷப்பட்டு தறிக்கு உக்காந்துட்டாரு. பதினோராம் நாள் 700. ஸ்டீராய்டு, ரத்தக்குழாய்ச் சுவர்ல ஒட்டிக்கிட்டு இருக்கிற நியூட்ரோபிலை எல்லாம் நடு ரத்தத்துக்குத் தள்ளிவிடும், அதனால கூடுதலாத் தெரியும்னு பிறகுதான் டாக்டர் விளக்கினாரு. புதுசா ஒண்ணும் உண்டாகல. அதே ஸ்டீராய்டு காய்ச்சலையும் மறைச்சிடும். மாத்திரை சாப்பிடுற நாள்ல உடம்பு சுடாமலே நடுக்கம், தலைசுத்தல், மூச்சு வாங்கல் வந்தாலும் கிளம்பி வரச்சொன்னாங்க.

அருமனை_மகள் | ஜூன் 17, மாலை 6.30

எல்லாருக்கும் நன்றி. இன்னைக்கு டோட்டல் 5,200, நியூட்ரோபில் 43. நானே கணக்குப் போட்டேன், 2,236. டாக்டர் கூப்பிடறதுக்கு முன்னால அம்மைட்ட சொல்லிட்டேன், "ஏத்துவாவ அம்மா"ன்னு. ஏத்தியாச்சு. துண்டுச் சீட்டும் குத்தி வச்சேன். நாளைக்கு 24 மணிக்கூர் கழிஞ்சு கவுண்ட் விழாம இருக்க பெக்ஃபில்கிராஸ்டிம் ஊசி, ஒண்ணே ஒண்ணு. காலண்டர்ல 23 முதல் 30 வரை சிவப்புக் கட்டம் போட்டாச்சு.

அருமனை_மகள் | ஜூன் 22, இரவு 8.45

அம்மைக்கு இடுப்பும் முதுகெலும்பும் நொறுங்குத மாதிரி வலி. பேடிச்சு இங்க உள்ள லேப்ல கவுண்ட் எடுத்தேன். 24,600. இது தொற்றா? இல்ல ரத்தத்துல வேற ஏதாவது வந்திருக்கா? காய்ச்சல் இல்ல, 98.4.

ராத்திரிடூட்டி | ஜூன் 22, இரவு 9.05

ஊசியோட வேலை. மஜ்ஜையைத் தட்டி எழுப்பி, இருப்புல உள்ள நியூட்ரோபிலை எல்லாம் வெளிய தள்ளுது. எலும்புக்குள்ள கூட்டம் கூடறதால அந்த வலி. வலிக்கு என்ன குடுக்கலாம்னு காலைல உங்க டாக்டர்கிட்ட ஃபோன்ல கேளுங்க. எது குடுத்தாலும் முன்னாடி காய்ச்சல் பாத்துட்டுக் குடுங்க. 24,600-ஐப் பாத்து நிம்மதியும் ஆகாதீங்க. கட்டம் நாளைக்குத்தான் ஆரம்பிக்குது. மருந்தோட அடி இனிமேதான் இறங்கும். ஊசி பள்ளத்தோட ஆழத்தையும் நாளையும் குறைக்கும், பள்ளமே வராதுன்னு இல்ல.

அருமனை_மகள் | ஜூன் 26, இரவு 11.20

அம்மைக்கு 101.2. நாக்குக்கு அடியில வச்சுப் பாத்தேன், ரெண்டு தடவை. பத்து மணிக்கு 99.8 இருந்துது. பாரசிட்டமால் குடுக்கல்ல. வெளிய மழை. பக்கத்து வீட்டு அண்ணன் வண்டி எடுக்காரு. பக்கத்துல கிளினிக்குல காட்டிட்டுப் போவச் சொல்லுதாவ.

ராத்திரிடூட்டி | ஜூன் 26, இரவு 11.23

நிக்காம வாங்க. வழியில எங்கயும் காட்ட வேண்டாம். வண்டியில இருந்தே வார்டுக்கு ஃபோன் பண்ணுங்க. கேஷுவாலிட்டில முதல் வாக்கியம்: "கீமோ எடுத்து பத்தாம் நாள், காய்ச்சல் 101.2." வரிசையில உக்காராதீங்க. கடைசி ரிப்போர்ட்டும் டிஸ்சார்ஜ் சீட்டும் எடுத்துக்குங்க.

கொழிஞ்சாம்பாறை_72 | ஜூன் 26, இரவு 11.31

போங்கம்மா. சேந்ததும் ஒரு வார்த்தை எழுதுங்க. நான் முழிச்சிருக்கேன்.

அருமனை_மகள் | ஜூன் 27, விடியல் 4.10

சேந்தாச்சு. ஒரு மணிக்கு உள்ள போனோம். ரத்தம் எடுத்து, ஒன்னரைக்குள்ள முதல் ஊசி போட்டுட்டாவ. டோட்டல் 1,100, நியூட்ரோபில் 22. 242. அம்மை தூங்குதா. பிரஷர் 100/60, டாக்டர் ரெண்டு தடவை வந்து பாத்தாரு.

கொழிஞ்சாம்பாறை_72 | ஜூன் 27, விடியல் 4.14

சரிங்கம்மா. நானும் தூங்கறேன்.

அருமனை_மகள் | ஜூன் 30, மதியம் 3.00

இன்னைக்கு வீட்டுக்கு விட்டாச்சு. ரெண்டு நாளா காய்ச்சல் இல்ல. ஏ.என்.சி. 1,860. கல்ச்சர்ல ஒண்ணும் வளரல்லன்னு சொன்னாவ, அப்படி நெறைய பேருக்கு எங்க இருந்து வந்ததுன்னு தெரியாமலே போவுமாம்.

ஆஸ்பத்திரியில கெடந்த நாலு நாள்ல ஒரு அட்டை எழுதினேன். தமிழ்லயும் மலையாளத்துலயும். பக்கத்து படுக்கையில உள்ள பாறசாலை சேச்சி மலையாளத்தைத் திருத்தித் தந்தாவ. அம்மைக்க பர்ஸ்ல ஒண்ணு, வீட்டு வாசல் கதவுக்க உள்பக்கம் ஒண்ணு. தமிழ் இப்படி:

"இவர் கீமோ எடுக்கும் நோயாளி. கடைசியாக ஏற்றிய தேதி: ____. காய்ச்சல் 100.4 அல்லது அதற்கு மேல் இருந்தால் இது அவசரம். காய்ச்சல் ஊசி, மாத்திரை மட்டும் கொடுத்து அனுப்ப வேண்டாம். உடனே ரத்த கவுண்ட், கல்ச்சர் எடுத்து ஆன்டிபயாடிக் தொடங்கவும். சிகிச்சை பெறும் ஆஸ்பத்திரி எண்: ____."

வேணும்னு உள்ளவங்க எடுத்துக்கிடுங்க. தேதியைப் பென்சில்ல எழுதுங்க, ஒவ்வொரு தடவையும் மாத்தணும்.

கொழிஞ்சாம்பாறை_72 | ஜூன் 30, மாலை 5.20

நான் இருபது அட்டை அச்சடிச்சு எங்க ஊர் மருந்துக்கடையில வைக்கப்போறேனுங்க. அந்தக் கிளினிக்குலயும் ஒண்ணு குடுப்பேன்.

அருமனை_மகள் | ஜூலை 8, மாலை 7.15

இன்னைக்கு டோட்டல் 6,100, நியூட்ரோபில் 52. 3,172. சிவப்பு மருந்து நாலும் முடிஞ்சு. புது மருந்து பாக்லிடாக்சல் ஆரம்பிச்சாச்சு, வாரா வாரம், பன்னெண்டு தடவை. வாரா வாரம் ஏத்துததுக்கு முன்னால கவுண்ட் வேணுமாம். அம்மை வார வழியில இன்னைக்குப் பேசிட்டே வந்தா, மூத்த மாமிக்க கல்யாணத்துக்க கதை.

அடுத்தது 15-ம் தேதி. முந்தின நாள் இஞ்சயே ரத்தம் எடுத்துட்டுப் போவலாம்னு டாக்டர் சம்மதிச்சாரு, ஆனா டி.சி. சரியா வேணும்னு சொன்னாரு.

மார்த்தாண்டம்_லேப் | ஜூலை 8, இரவு 8.00

14-ம் தேதி சாயங்காலம் ஆறு வரை நான் டூட்டி. எந்த கடைன்னு தனியா மெசேஜ்ல சொல்லுதேன். சீட்டுல "கீமோ, ஸ்லைடு"ன்னு எழுதிக் குடுங்க, நானே எண்ணுதேன்.